விளா பிடிக்கும் கப்பல்

போன வாரம் ஊரில் இருந்தேன். பொறையாறுக்கு மேற்கே எங்கள் வயலில் குறுவைக்கு டிராக்டர் இறங்கிய நாள். அக்கா மகன் வரப்பில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "மாமா, அந்த அண்ணன் ஏன் பக்கத்துலயே திரும்பாம அவ்வளவு தூரம் தள்ளிப் போய்த் திரும்பி வர்றாரு?"

அவன் கேட்ட அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் 20 வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன்.

கடலடியில் எண்ணெய், எரிவாயு தேட சீஸ்மிக் சர்வே எடுக்கும் கப்பல்களுக்கு லைன் திட்டம் போடுவது என் வேலை. லைன் என்றால் கப்பல் ஓட வேண்டிய நேர்கோடு. எந்த லைனை எப்போது, எந்தத் திசையில், எதற்கு அடுத்து எதை ஓட்டுவது என்ற கணக்கு. முதல் 11 வருடம் கப்பலிலேயே நேவிகேஷன் அறையில் இருந்தேன். இப்போது சென்னையில் மேசை வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கப்பலில் வேலை" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். இந்த முறை அவன் கேட்டதால் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் தாத்தா. அவர் மாட்டு ஏர் காலத்து மனிதர். வயலில் இறங்கினால் நேராக அடுத்த சாலுக்குத் திரும்ப மாட்டார். மாட்டை அப்படி ஒடித்துத் திருப்பினால் நுகத்தில் கழுத்து இறுகும், கலப்பை தூக்கிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு அகலத்தை அளந்து விளா கோலுவார். இந்த ஓரத்தில் ஒரு சால், எதிர் ஓரத்தில் ஒரு சால், திரும்ப இந்தப் பக்கம் முதல் சாலை ஒட்டி ஒன்று. மாடு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வளையும். திருப்பம் சுகமாக இருக்கும். ஒரு விளா முடிந்தால் அடுத்த விளா.

சர்வே கப்பல் செய்வதும் இதையேதான். இரண்டு மாட்டுக்குப் பதில் அதன் பின்னால் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்ட்ரீமர் என்ற கேபிள்கள் மிதந்து வரும். எட்டு கேபிள், ஒன்றுக்கொன்று 100 மீட்டர் இடைவெளி. கேபிள் முழுக்க காது மாதிரி ஒலியைக் கேட்கும் கருவிகள். கப்பலை ஒட்டி ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கிகள். ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றை ஒரே கணத்தில் நீருக்குள் விடும். அந்த அதிர்வு கடலடிக்குக் கீழே பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வருவதைக் கேபிள் பதிவு செய்யும். 25 மீட்டருக்கு ஒரு வெடிப்பு. கப்பல் நாலரை நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சத்தில் போனால் 11 விநாடிக்கு ஒன்று, இரவும் பகலும்.

இப்படி எட்டுக் கேபிளோடு ஒரு தடவை போனால் கடலுக்கு அடியில் 400 மீட்டர் அகலப் பட்டைக்குத் தகவல் கிடைக்கும். கேபிள் விரிந்திருக்கும் அகலத்தில் பாதி. வெடிக்கும் இடத்துக்கும் கேட்கும் இடத்துக்கும் நடுவே உள்ள புள்ளிதான் பதிவாகும் என்பதால் இந்தப் பாதிக் கணக்கு. ஆக லைனுக்கு லைன் 400 மீட்டர்.

சரி, ஒரு பரப்பை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்காக 40 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 20. கரையிலிருந்து 15 கிலோமீட்டரில் தொடங்கி 35 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பக்கம் வரை அப்படியே கடலில் ஒரு நீளச் செவ்வகம். வடக்கு தெற்காக ஓட்டினால் 50 லைன். ஒரு லைனுக்கு 4.8 மணி நேரம். ஒரு லைன் முடித்து அடுத்த லைனில் கேபிள் நேராகி நிற்க 3 மணி நேரம். 50 லைனுக்கு 390 மணி, அதாவது 16 நாளும் கொஞ்சமும்.

அதே பரப்பைக் கிழக்கு மேற்காக ஓட்டினால்? லைன் 20 கிலோமீட்டர்தான், ஆனால் 100 லைன். ஓட்டும் நேரம் அதே 240 மணி. திரும்பும் நேரம் 150 மணியிலிருந்து 300 மணியாகிவிடும். மொத்தம் 22 நாள் 12 மணி. ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே தகவல். கோட்டை எந்தப் பக்கம் போட்டோம் என்பதற்கு மட்டும் ஆறு நாளுக்கு மேல் வித்தியாசம். இப்படி ஒரு கப்பலுக்கு ஒரு நாள் செலவு கோடிக் கணக்கில் வரும்.

செலவு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் அந்த இடத்தில் ஒரு நாள் கூடுதலாக யாரும் வலை போட முடியாது. ஒரு நாள் கூடுதலாகக் கடலுக்குள் அந்தச் சத்தம். ஒரு லைனுக்கு 1,600 வெடிப்பு, 50 லைனுக்கு 80,000. இதில் சரியாகப் பதிவாகாமல் திரும்ப 10 லைன் ஓட்டினால் இன்னும் 16,000. மோசமான திட்டத்தின் விலையை முதலில் கொடுப்பது மீனும் மீனவரும்தான். எனக்கு இது முக்கியம்.

திசையில் இன்னொரு விஷயமும் உண்டு. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிழக்கு மேற்காகப் போட்டால் 100 லைனுமே ஒரு முனையில் கரைப் பக்கத்துக்கு வந்து போகும். சர்வே முடியும் வரை ஒவ்வொரு நாளும் கரைக்கடலில் உங்களுக்கு வேலை இருக்கும், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு ஃபைபர் படகுக்கு வழி விடச் சொல்ல வேண்டி வரும். வடக்கு தெற்காகப் போட்டால் கரையை ஒட்டிய தொல்லை முழுக்க மேற்கு ஓரத்துப் பத்து லைனுக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்து லைனை எந்த நாளில் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நம் கையில் இருக்கும்.

காவிரிப் படுகையின் பாறை அமைப்பு இதற்கு முழுசாக ஒத்துவராது என்பது உண்மை. கடலடியில் புதைந்திருக்கும் முகடுகளும் பள்ளங்களும் வடகிழக்கு, தென்மேற்காக ஓடுகின்றன. கும்பகோணம், காரைக்கால், நாகப்பட்டினம், தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று நம்ம ஊர்ப் பெயர்களையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். புவியியலாளர்கள் அந்த முகடுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் லைன்தான் வேண்டும் என்பார்கள். ஒற்றை லைன் எடுத்த காலத்தில் அது நியாயம். நெருக்கமாக எடுக்கிற 3டி சர்வேயில் திசைக்கு அவ்வளவு பிடிவாதம் தேவையில்லை என்பது என் கட்சி. மீட்டிங்கில் பாதி நேரம் இந்த வாதத்திலேயே போகும்.

இனி விளா. 6 கிலோமீட்டர் கேபிளை இழுத்துக்கொண்டு திரும்ப, சுமார் 3 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டமடிக்க வேண்டும். அதற்கும் குறுகினால் உள்பக்கக் கேபிள் வேகம் குறைந்து தொய்ந்து கீழே இறங்கும், வெளிப்பக்கக் கேபிள் அளவுக்கு மீறி இழுபடும். ஆக ஒரு லைனை முடித்துத் திரும்பினால் அடுத்து பிடிக்க வசதியான லைன் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 400 மீட்டர் கணக்கில் பதினைந்து லைன் தள்ளி. அதனால் முதல் லைன் வடக்கே போனால், 16 தெற்கே. அப்புறம் 2 வடக்கே, 17 தெற்கே. இப்படி 15க்கும் 30க்கும் வரும்போது ஒரு விளா முடிந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ரேஸ்டிராக் என்று பெயர். பந்தய மைதானத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அந்த ஆள் எங்கள் தாத்தாவைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

இதில் ஒரு அழகு என்னவென்றால், பக்கத்துப் பக்கத்து லைன்கள் எல்லாம் ஒரே திசையில், அரை நாள் சொச்ச இடைவெளியில் ஓடுகின்றன. இது ஏன் முக்கியம் என்றால், நீரோட்டம்.

கப்பல் கோட்டின் மேல் போகும். கேபிள் போகாது. குறுக்கே ஒரு நாட் வேகத்தில் நீரோட்டம் இருந்தால், நாலரை நாட்டில் போகும் கப்பலின் கேபிள் சுமார் 12 டிகிரி சாயும். 6 கிலோமீட்டர் கேபிளின் வால் 1.3 கிலோமீட்டர் விலகிக் கிடக்கும். அதாவது மூன்று லைன் தள்ளிப் போய்விடும்! இதை ஃபெதர் என்போம். எல்லா லைனிலும் ஒரே மாதிரி சாய்ந்தால் கவலை இல்லை, வகிடெடுத்து வாரிய முடி மாதிரி பட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு லைனில் இந்தப் பக்கமும் அடுத்த லைனில் அந்தப் பக்கமும் சாய்ந்தால் நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கத் திரும்ப ஓட்டுவதுதான் இன்ஃபில். உழவில் கலப்பை எட்டாத இடத்தை மண்வெட்டியால் மூலை கொத்துகிறோமே, அது.

விளாவின் இரண்டு பாதியும் சேரும் இடம்தான் ஆபத்து. 15வது லைன் வடக்கே போனது, 16வது தெற்கே வந்தது. 15ஐ ஓட்டியபோது 16 ஓட்டிப் பல நாள் ஆகியிருக்கும். நீரோட்டம் மாறியிருக்கும். நான் பார்த்த இன்ஃபில்லில் பெரும்பகுதி இந்தத் தையலில்தான். அதனால் தையல்களைக் குறைக்கும் திட்டம் காகிதத்தில் ஐந்தாறு மணி நேரம் கூடுதலாகக் காட்டினாலும் அதைத்தான் எடுப்பேன்.

நம்ம கடலில் நீரோட்டத்துக்கு ஒரு மாதக் கணக்கு இருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் கரையை ஒட்டி வடக்கு நோக்கி வலுவாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பித் தெற்கே இறங்கும். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் ஏற்றவற்றத்தைப் பார்த்து மணிக்கணக்கில் லைன் போட வேண்டும். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே மணியை விட மாதத்தைத்தான் பார்க்க வேண்டும். கரை வடக்கு தெற்காக இருப்பதால் வடக்கு தெற்கு லைன் நீரோட்டத்தோடு ஒத்துப் போகும், கேபிள் அதிகம் சாயாது. ஒரே ஒரு சிரமம், ஒரு நாட் ஓட்டத்தில் வடக்கே போகும்போது 40 கிலோமீட்டர் 4 மணிக்குள் முடியும், தெற்கே வரும்போது 6 மணி தாண்டும். சராசரி 4.8 என்று போட்டு நாள் கணக்கு சொன்னால் தப்பாகும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பத்து நாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல் விழுங்கிவிடும்.

அப்புறம் நாள்காட்டி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, கேபிளை நீரில் இறக்கவே யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரைக்கு வந்து முட்டையிடும் காலம், கரையோரக் கடலில் ஆமைகள் கூட்டமாக நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வைகாசிக்கு மேல் மத்தியானத்துக்குப் பிறகு சோழகம் என்ற தென்காற்று வலுத்து அலை எழும்பும். அலை இரைச்சல் கேபிளில் ஏறினால் பதிவு கெட்டுப்போகும்.

இந்தத் தடைக்காலத்தில்தான் நான் தவறு செய்தேன்.

மேசைக்கு வந்த புதிது. இதே கடலில் ஒரு வேலை. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அனுமதி தாமதமாகி ஏப்ரல் நடுவில்தான் கப்பல் வந்தது. தடைக்காலம்தானே, கடல் காலி என்று நினைத்தேன். கரையை ஒட்டிய லைன்களை முதலில் முடித்துவிட்டு, வைகாசியில் கிழக்கே ஆழத்துக்குப் போகலாம் என்று திட்டம் போட்டேன். ஆழத்தில் யார் வரப் போகிறார்கள்? காகிதத்தில் அழகான திட்டம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மே மாதக் கடைசி. கப்பலைப் பார்க்க நானும் போயிருந்தேன். இரவு 2 மணி இருக்கும். முன்னால் போகும் காவல் படகிலிருந்து ரேடியோவில் குரல்: "முன்னாடி லைட்டு... ரெண்டு... இல்ல, அஞ்சாறு லைட்டு." கம்பில் கட்டிய சின்ன விளக்குகள். கப்பலை நிறுத்த முடியாது, நிறுத்தினால் எட்டுக் கேபிளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஒடித்துத் திருப்பவும் முடியாது. துப்பாக்கிகளை நிறுத்திவிட்டு அப்படியே போனோம். ஏழாவது, எட்டாவது கேபிளில் வலை ஏறியது.

விடிந்ததும் வேலைப் படகில் இறங்கினோம். கேபிளை ஆழத்தில் பிடித்து வைக்க, பறவைச் சிறகு மாதிரி கருவிகள் மாட்டியிருக்கும். அந்தச் சிறகுகளில் நைலான் வலை பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தோம். சிறகின் இடுக்கில் கொட்டலசு என்ற சிப்பி மாதிரி உயிர் ஒட்டியிருந்ததால் வலை இன்னும் கெட்டியாகப் பிடித்திருந்தது. கண்ணிகளில் கோலா மீன். நீல முதுகு, நீண்ட செட்டை. ஒன்றிரண்டு உயிரோடு துடித்தன. அறுத்த வலைத் துண்டைக் கையில் வைத்திருந்தபோது அதில் ஒரு இடம் மட்டும் வேறு நிற நூலில் கோர்த்திருந்தது தெரிந்தது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பொத்தலடைத்த வலை.

அதில் 31 மணி நேரம் போனது. ஒரு கேபிளின் ஒரு பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. வலைக்காரர்களுக்கு இழப்பீடு பேசி முடிக்கவே எட்டு மாதம் ஆனது. அது தாமதமானதில் எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த வலையின் சொந்தக்காரரைத் தேடி அடுத்த மாசியில் தரங்கம்பாடி போனேன். பெரியவர், அறுபதைத் தாண்டியவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"தடைக்காலம்னா லாஞ்சுக்குத்தான் தம்பி. ஃபைபருக்குத் தடை கெடையாது. வைகாசி, ஆனியில கோலா ஓடும். அது கரையில நிக்கிற மீனா? நாங்கதான் வெளிய போவணும். எங்க பாட்டன் காலத்துலயே கட்டுமரத்துல போயிருக்காங்க."

தடை விசைப்படகுகளுக்கு மட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஃபைபர் படகு என்றால் கரையோரம் என்று என் மனதில் பதிந்துவிட்டது. கோலா பருவத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இத்தனைக்கும் சின்ன வயதில் வைகாசியில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கோலா கூடை வந்திருக்கிறது. அம்மா புட்டு செய்திருக்கிறார். அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று அவர் இரண்டு மணி நேரம் பேசினார். நோட்டில் ஆறு பக்கம் எழுதினேன். இரவு வலை இருட்டில்தான் படும், நிலாக் காலத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும், அதனால் பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் வலைப் படகு குறையும். கோயில் திருவிழாவுக்கு ஊர் முழுக்கத் தொழிலுக்குப் போகாத நாட்கள் உண்டு. அவை ஊருக்கு ஊர் வேறு. அதை அரசு அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காது, ஊர்ப் பஞ்சாயத்தாரைத்தான் கேட்க வேண்டும். விசைப்படகு இழுவலை போட்டிருந்தாலும் ரேடியோவில் சொன்னால் நகர்ந்துவிடும். இரவில் வழிவலை போட்டவன் நகர முடியாது, ஏனென்றால் வலை ஓட்டத்தோடு போகும், அவன் அதோடு போவான்.

இந்தக் கடைசி விஷயம் என் திட்டத்தையே மாற்றியது. அதுவரை நான் பயந்தது பெரிய படகுகளுக்கு. அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் படகு நகர முடியாதது என்பது.

மேலே சொன்ன அந்த 50 லைன் செவ்வகத்தை இப்போது நான் இப்படிப் போடுவேன். பங்குனி நடுவில் தொடக்கம், முதலில் கிழக்கே ஆழத்து லைன்கள், 31 முதல் 50 வரை. விசைப்படகுகள் இருக்கும், பேசி நகர்த்திக்கொள்ளலாம். ஆமைகள் கரைப்பக்கம், நாம் தள்ளி. ஆனால் இங்கே விளா சரியாக அமையாது. இருபது லைன்தான் என்பதால் ஜோடி 31க்கு 41, நடுவில் 4 கிலோமீட்டர்தான் இடம். கப்பல் வெளிப்பக்கம் விரிந்து பானை வயிறு மாதிரி சுற்றித்தான் உள்ளே வர முடியும். திருப்பத்துக்கு முக்கால் மணி கூடும். இருபது திருப்பத்துக்கு 15 மணி நேரம். எந்த மென்பொருளும் இந்தத் திட்டத்தைச் சிவப்பில் காட்டும். இந்த 15 மணியை நான் தெரிந்தே கொடுக்கிறேன். வைகாசிக்கு முன்னால் ஆழத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15க்கு மேல், விசைப்படகு கரையேறிய பிறகு, 1 முதல் 15, 16 முதல் 30, நல்ல அகல விளா. அதிலும் கரையை ஒட்டிய முதல் பத்து லைன் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வருகிற மாதிரி வரிசையை நகர்த்துவேன். அப்போதும் ஆமை மிச்சம் இருக்கும். அதற்காகக் கப்பலில் கண்காணிப்பாளர் உண்டு. துப்பாக்கிகளை ஒரேயடியாகத் தொடங்காமல் 20 நிமிடமாவது மெல்ல மெல்ல ஏற்றித்தான் முழு வலுவுக்குக் கொண்டுவருவோம், பக்கத்தில் இருக்கும் உயிர்கள் விலகிப் போக. அதற்கு முன் அரை மணி நேரம் கடலைப் பார்க்க வேண்டும். இந்த 50 நிமிடத்தைத் திருப்பத்தின் 3 மணிக்குள்ளேயே அடக்கினால் ஒரு நிமிடம்கூட வீணாகாது. லைன் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு "ஆமைக்காக நேரம் போகிறது" என்று புலம்பும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். குறை ஆமையிடம் இல்லை.

இன்னொரு பழக்கம். நீளமான லைன்களுக்கு நடுவே நாலைந்து துண்டு லைன்களைத் தொடாமல் கையில் வைத்திருப்பேன். காற்று மத்தியானம்தான் ஏறும் என்றால் காலையில் 2 மணி நேர இடைவெளி கிடைக்கும். அதில் 40 கிலோமீட்டர் ஓட முடியாது, 15 ஓடலாம். இன்ஃபில் துண்டுகளும் இதற்கு உதவும். கேபிளில் கொட்டலசு சுரண்டுவது, எண்ணெய் நிரப்புவது, ஆள் மாற்றுவது எல்லாம் காற்று நாளுக்கு என்று ஒதுக்கிவிடுவேன். நாற்று விட்டவர்கள் தண்ணீர் முறை வராத நாளில் வரப்பு வெட்டுவது மாதிரி.

ஊரில் இந்த வேலையைப் பற்றிய கோபம் எனக்குத் தெரியும். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் போராட்டம் நடந்தபோது என் சித்தப்பாவே என்னிடம் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும்தான். விளைநிலத்தில் துளை போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கடலில் தேட வேண்டுமா என்பதை முடிவு செய்வது நான் இல்லை. ஆனால் கப்பல் வருவது என்று முடிவான பிறகு அது எத்தனை நாள் நிற்கும், யாருடைய வலை மேல் போகும், எத்தனை முறை வெடிக்கும் என்பதெல்லாம் என் மேசையில் முடிவாகிறது. அந்த இடத்தில் கோலா என்றால் என்னவென்று தெரிந்த ஒருத்தன் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது பேசுகிறார்.

அன்று வயலில் அக்கா மகனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. வரப்பு மண்ணில் குச்சியால் கோடு போட்டு 1, 16, 2, 17 என்று காட்டினேன். பிடித்துக்கொண்டான். "அப்ப 15க்கும் 16க்கும் நடுவுல என்ன ஆவும்?" என்றான். எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆனது.

அடுத்த பங்குனிக்கு ஒரு வேலை பேச்சில் இருக்கிறது. முதல் வரைவு தயார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடி போகிறேன், பெரியவரிடம் காட்ட. அவருக்குக் கண் முன்போல இல்லை, அதனால் பெரிய தாளில் அச்சடித்திருக்கிறேன், கரையும் முகத்துவாரமும் தடித்த கோட்டில். சுற்றுவட்டத்து ஊர்களின் திருவிழா நாட்களை வாங்க வேண்டும். போன வருடம் கோலா பத்து நாள் முன்னாலேயே வந்ததாகப் போனில் சொன்னார், அதையும் கேட்க வேண்டும். அது உண்மையானால் 31 முதல் 50 வரை இன்னும் ஒரு வாரம் முன்னால் நகர்த்தியாக வேண்டும்.